மனுவில் இல்லாத பெயர்

ஒவ்வோர் ஆண்டும் நான்காம் படிவத்து மாணவர்களுக்கு ஸ்ரீகரன் ஒரே வேலையைத்தான் கொடுப்பார். தாங்கள் குடியிருக்கும் இடத்தில் சரியில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, மாநகர் மன்றத்துக்கு முறையாக மனு எழுத வேண்டும். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் அந்த இடைநிலைப்பள்ளிக்கு அவர் வரலாற்று ஆசிரியராக வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குடிமைப் பாடமும் அவர் கையில்தான் இருந்தது. "பரீட்சைக்குப் படிச்சது மறந்துரும். ஒரு மனு எழுதிப் பார்த்தா மறக்காது" என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் பெரும்பாலான குழுக்கள் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி ஒன்றைப் படம் பிடித்துக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு துளசியின் குழு அப்படிச் செய்யவில்லை.

துளசிக்குப் பதினாறு வயது. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருந்தாள். அப்பா அர்ஜுனன், தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். வகுப்பில் அதிகம் பேசாத பெண். அவளோடு ஹைருல் என்ற பையனும் சூ யின் என்ற பெண்ணும் குழுவில் இருந்தார்கள். மூவரும் துளசியின் வீட்டுக்கு எதிரே உள்ள பெரிய சாலையை எடுத்துக்கொண்டார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கம் கிளினிக், பாசார் எனும் சந்தை, பஸ் நிறுத்தம். நடப்பவர்கள் கடப்பதற்குப் பச்சை விளக்கு எரியும் நேரம் பதினோரு வினாடி.

மூன்று மாலைகள் அவர்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். முந்நூற்று நாற்பது பேர் கடந்தார்கள். அதில் எழுபத்து நான்கு பேர் அக்கரை போய்ச் சேருவதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. வயதானவர்கள், குழந்தை வண்டி தள்ளியவர்கள், ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் எல்லாரும் நடுவில் இருந்த ஒரு முழ அகலத் திட்டில், இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்க, அடுத்த பச்சைக்காகக் காத்து நின்றார்கள். துளசி அவர்களை வயது வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தாள்.

அட்டவணையைப் பார்த்த ஸ்ரீகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"யார் யோசனை இது?"

"துளசிதான் சார்" என்றான் ஹைருல். வகுப்பில் பேச்செல்லாம் மலாயில்தான் நடக்கும். "நான் குப்பைத் தொட்டி போதும்னுதான் சொன்னேன்."

அடுத்த வாரம் எண்பத்தாறு கையெழுத்துகளோடு மனு வந்தது. கையெழுத்து வாங்கும் தாளை வழக்கம்போல் ஸ்ரீகரனே தயாரித்துக் கொடுத்திருந்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். ஹைருலின் பெயர் இருந்தது. சூ யின் பெயர் இருந்தது. துளசியின் பெயர் இல்லை.

"உன் பேரு எங்கம்மா? தலைவியே கையெழுத்துப் போடலன்னா எப்படி?"

"மறந்துட்டேன் சார்."

மறுநாள் கேட்டார். ஐ.சி. என்னும் அந்த அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதற்கும் மறுநாள் கேட்டபோது, எண் மனப்பாடம் இல்லை என்றாள். ஸ்ரீகரனின் தாத்தா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். அப்பா துறைமுகத்தில் கணக்கர். பிறப்புச் சான்றிதழிலிருந்து தடுப்பூசி அட்டை வரை எல்லாத் தாளும் உறையிலிட்டு அடுக்கி வைத்திருக்கும் குடும்பம். தன் அடையாள அட்டை எண் தெரியாத ஒரு பெண்ணை அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. சோம்பல் என்றுதான் நினைத்தார்.

"பதினாறு வயசு ஆச்சு, சொந்த ஐ.சி. நம்பர் தெரியல" என்றார், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. "நீ எல்லாம் நாளைக்கு எப்படி ஓட்டுப் போடப் போறே?"

வகுப்பு சிரித்தது. துளசி மனுத் தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். அன்று குடியுரிமை பற்றிய பாடம். யார் யார் நாட்டின் குடிமக்கள் ஆகலாம் என்பதை ஸ்ரீகரன் பலகையில் எழுதினார். ஆண்டுதோறும் எழுதுவதுதான். கை தானாக எழுதும். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்.

"ஒரு குழந்தை இங்கேயே, நம்ம பினாங்கு மருத்துவமனையில பிறக்குது. அப்பா மலேசியக் குடிமகன். குழந்தை குடிமகனா இல்லையா?"

"குடிமகன்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"சரி. அடுத்தது..."

துளசி கையைத் தூக்கியிருந்தாள். அவள் கையைத் தூக்கி அவர் பார்த்ததே இல்லை.

"எப்பவும் அப்படி இல்ல சார்" என்றாள் எழுந்து நின்று. "அம்மா வெளிநாட்டுக்காரங்களா இருந்து, குழந்தை பிறக்கறதுக்கு முன்னால கல்யாணத்தைப் பதிவு பண்ணலன்னா, குழந்தை அம்மாவோட குடியுரிமையைத்தான் பின்பற்றும். கோயில்ல தாலி கட்டியிருந்தாலும் அது கணக்குல வராது. பிறகு பதிவு பண்ணினாலும் குழந்தைக்கு மாறாது. தனியா விண்ணப்பம் போடணும். அதுக்கு அரசியலமைப்புல வேற பிரிவு இருக்கு. குறிப்பிட்ட வயசு தாண்டறதுக்குள்ள போடணும்."

பாடப் புத்தகத்தில் இவ்வளவு இல்லை. ஸ்ரீகரனுக்கே பாதிதான் தெரியும். அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"நல்லா படிச்சிருக்கே. எந்தப் புத்தகம்?"

"புத்தகம் இல்ல சார். எங்க வீட்டுல ஒரு ஃபைல் இருக்கு."

ஹைருல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அதிலேயே புரிந்தது. ஸ்ரீகரன் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உட்காரும்மா" என்றார். மீதிப் பாடத்தை அவர் எப்படி நடத்தினார் என்று பிறகு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மணி அடித்ததும் அலுவலகத்துக்குப் போனார். பள்ளிக் கிராணி காமாரியா, கேட்டவுடன் துளசியின் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். பிறப்புச் சான்றிதழின் நகலில், குடியுரிமை என்ற இடத்துக்கு நேரே, குடிமகள் அல்லள் என்று மலாயில் அச்சிட்டிருந்தது.

"சிக்குவுக்குத் தெரியாதா?" என்றாள் காமாரியா, ஆசிரியரை மலாயில் அழைக்கும் வழக்கப்படி. "ஆண்டு தொடக்கத்துல வகுப்பு ஆசிரியர்களுக்கெல்லாம் பட்டியல் கொடுத்தோமே. பாட ஆசிரியர்களும் வந்து பார்க்கலாம்னு சொன்னோம்."

"நான் வந்து பார்க்கல" என்றார் ஸ்ரீகரன்.

அன்று மாலையே அவர் அர்ஜுனனுக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் சார், நான் வரேன். பொண்ணு ஏதும் தப்புப் பண்ணிட்டாளா?" என்றார் அர்ஜுனன். மறுநாள் தொழிற்சாலை ஆட்களை இறக்கிவிட்டுப் பஸ்ஸைப் பள்ளி மதில் ஓரமாக நிறுத்தி வந்தார். நீலச் சீருடைச் சட்டையை உள்ளே செருகி, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். இருவரும் மாணவர் இல்லாத கேண்டீனில் உட்கார்ந்தார்கள்.

"தப்பு உங்க பொண்ணு பண்ணல, அண்ணே. நான் பண்ணிட்டேன்" என்று தொடங்கி, வகுப்பில் சொன்னதை ஸ்ரீகரன் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.

அர்ஜுனன் மேசையைப் பார்த்தபடி கேட்டு முடித்தார். "வீட்டுல சொல்லல சார். தலைவலின்னு படுத்திருந்தா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நீங்க வேணும்னு சொன்னீங்களா என்ன?"

"தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. தெரிஞ்சுக்கல."

அர்ஜுனன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். துளசியின் அம்மா இந்தோனேசியாவின் மேடானிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்தவர், அவரும் தமிழர்தான். நிபோங் திபாலில் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது. மாலை, தாலி, நாதஸ்வரம், இருநூறு பேருக்குச் சாப்பாடு. "ஊரே பார்த்துச்சு சார். இதுக்கு மேல ஒரு தாள் வேணும்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல. புள்ள பொறந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பதிவு பண்ணினோம். அதுக்கப்புறம் பொறந்த தம்பிக்கு எல்லாம் சரியா இருக்கு. அவளுக்கு மட்டும் இல்ல." முதலில் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது நாலரை ஆண்டாக நிலுவையில் இருந்தது.

"நான் முன்னெல்லாம் ஓட்டுப் போடப் போக மாட்டேன் சார். லீவு நாளு, தூங்கலாம்லான்னு இருப்பேன். போன தேர்தல்ல அவதான் எழுப்பி இழுத்துக்கிட்டுப் போனா. கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, நான் வந்ததும் விரல்ல மை இருக்கான்னு பார்த்தா." அவர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "என்னோட ஒரு அசட்டைக்கு அவ வெளிய நிக்கிறா."

ஸ்ரீகரன் எழுந்து போய் இரண்டு கோப்பை தே தாரேக், ஆற்றிய பால் தேநீர், வாங்கி வந்து ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

துளசியிடம் அவர் தனியாகப் பேசினார், தமிழில்.

"கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். உனக்குச் சங்கடம்னா வேணாம்."

துளசி யோசித்தாள். "கேளுங்க சார். அவங்களுக்குத் தெரிஞ்சா பரவால்ல. ஆனா பாவம்னு மட்டும் யாரும் சொல்ல வேணாம்."

அவர் வகுப்பில் மன்னிப்புக் கேட்டார். நீளமாகப் பேசவில்லை. "போன வாரம் துளசியைப் பார்த்து ஒன்னு சொன்னேன். தெரிஞ்சுக்காம சொன்னேன். அது தப்பு. நீங்க சிரிச்சதுக்கும் நான்தான் காரணம்" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் வகுப்பில் அவர் இப்படிப் பேசியதில்லை என்பதால் மாணவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். பிறகு அவர் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப ஒரு கேள்வி. மாநகர் மன்றத்துக்கு மனுக் கொடுக்கறவங்க குடிமக்களாத்தான் இருக்கணுமா? எனக்குத் தெரியாது. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

ஹைருல் மறுநாளே மன்றத்தின் பொதுத் தொடர்பு எண்ணுக்குப் பேசிவிட்டு வந்தான். சொல்லத் தயங்கினான்.

"குடிமகனா இருக்க வேண்டியதில்லையாம் சார். அந்த இடத்துல குடியிருந்தாப் போதுமாம். அப்புறம்... ஐ.சி. எண்ணே வேணாமாம். பெயரும் முகவரியும் கையெழுத்தும்தான் கேப்பாங்களாம். அந்தக் கட்டம் ஏன் இருக்குன்னு அந்த அக்கா என்னைக் கேட்டாங்க."

ஸ்ரீகரன் மனுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டில், எங்கிருந்தோ கிடைத்த பழைய படிவம் ஒன்றைப் பார்த்து அவரே கோடு போட்டுத் தயாரித்தது அது. அந்தக் கட்டத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தால் முறையாக இருக்கும் என்று அவர்தான் போட்டார். இருபத்திரண்டு ஆண்டாக அதையே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். இதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் "மறந்துட்டேன் சார்" என்று சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தார். இரண்டு மூன்று முகங்கள் ஞாபகம் வந்தன. பெயர்கள் வரவில்லை.

"கட்டம் நான் போட்டது" என்றார் வகுப்பிடம். "அதை எடுத்துடலாம்."

புதிய தாளில் மூன்றே கட்டங்கள். எண்பத்தாறு கையெழுத்தையும் மறுபடி வாங்க வேண்டும் என்றதும் சூ யின் முணுமுணுத்தாள். "ஒன்பது மாடி ஏறி இறங்கணும் சார், லிஃப்ட் பாதி நாள் ஓடாது." ஆனாலும் மூவரும் போனார்கள். ஸ்ரீகரனும் ஒரு சனிக்கிழமை காலை கூடப் போனார். பேச்சை மாணவர்களிடம் விட்டுவிட்டு, தாள் அட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

நான்காவது மாடியில் நல்லம்மாள் என்ற மூதாட்டி கதவைத் திறந்தார். சென்ற முறை அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதாகப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். கோபக்காரர் என்று நினைத்திருந்தார்கள். அவர் தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"நம்பர் கேக்கலையே?"

"இல்ல பாட்டி. வேணாம்" என்றாள் துளசி.

"என்னோடது செவப்பு ஐ.சி. தாயீ. அதைக் காட்டினா அப்புறம் அங்க வா இங்க வான்னு ஏதாச்சும் ஆகுமோன்னு பயம். அதான் அன்னைக்கு வேணாம்னேன்." நிரந்தர வசிப்பாளர் அட்டை சிவப்பு நிறத்தில் இருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவில் இருந்தும் அவரிடம் அதுதான் இருந்தது. "நானும் அந்த ரோட்டு நடுவுலதான் நிக்கிறேன், கிளினிக்குப் போற அன்னைக்கெல்லாம். எங்க போடணும்?"

துளசி இடத்தைக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டித் தமிழில் பெயரை எழுதினார்.

கீழ்த்தளத்து உணவுக் கடையில் பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள், எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், சென்ற முறை கேட்கப்படவே இல்லை. இந்த முறை அவர்களும் போட்டார்கள். மொத்தம் நூற்றுப் பதினேழு கையெழுத்து. முதல் வரி காலியாக விடப்பட்டிருந்தது. கடைசியில் துளசி அந்த வரியில் தன் பெயரை எழுதினாள். "மேல நீதான் இருக்கணும்னு நான்தான் விட்டு வச்சேன்" என்றான் ஹைருல். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுக் கொடுக்கப் போன அன்று, மன்றக் கட்டடத்தின் கீழே காவலாளி வருகையாளர் அட்டை கொடுப்பதற்காக எல்லாரிடமும் ஐ.சி. கேட்டார். இதை ஸ்ரீகரன் யோசிக்கவில்லை. முன்னால் போய் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் துளசி, "பள்ளி அட்டை போதுமா, அண்ணே?" என்று மலாயில் கேட்டுவிட்டாள். இப்படிக் கேட்டுப் பழகியவள் என்பது குரலில் தெரிந்தது. "போதும்லா" என்று காவலாளி வாங்கிக்கொண்டார்.

மேலே ஷஹீதா என்ற அதிகாரி அவர்களை உட்காரவைத்துப் பேசினார். யார் விளக்குவது என்றதும் துளசி அட்டவணையை விரித்தாள். முதல் இரண்டு வாக்கியத்தைத் தாளைப் பார்த்துப் படித்தாள். எண்களுக்கு வந்ததும் நிமிர்ந்து பேசினாள். எழுபத்து நான்கு பேரில் ஐம்பத்திரண்டு பேர் கிளினிக் நாட்களில் வந்தவர்கள், அவர்களுக்கு இருபத்தைந்து வினாடியாவது வேண்டும் என்றாள்.

"மழை நாள்ல எண்ணினீங்களா?" என்றார் ஷஹீதா.

"ஒரு நாள் மழை. அன்னைக்கு இன்னும் மெதுவாத்தான் நடந்தாங்க. தனிப் பத்தியில இருக்கு, பாருங்க."

ஷஹீதா பார்த்தார். பொறியாளரை அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார், வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, ஹைருல் ஓடிவந்து ஆசிரியர் அறையின் கதவைத் தட்டினான். விளக்கு நேரம் பத்தொன்பது வினாடி ஆகியிருந்தது. துளசிக்கு முழுத் திருப்தி இல்லை. "நாம கேட்டது இருபத்தஞ்சு" என்றாள். ஆனால் அன்று மாலை மூவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மறுபடியும் எண்ணினார்கள்.

ஆண்டு முடியும் தறுவாயில் அர்ஜுனன் ஸ்ரீகரனைத் தேடி வந்தார். விண்ணப்பம் தொடர்பாக நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் உதவியாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஸ்ரீகரன் அன்றே எழுத உட்கார்ந்தார். வாழ்நாளில் நூறு சிபாரிசுக் கடிதமாவது எழுதியிருப்பார். இதை நான்கு முறை எழுதிக் கிழித்தார். ஐந்தாவது சரியாக வந்ததுபோல் இருந்தது. துளசி கெட்டிக்கார மாணவி, வரலாற்றில் முதல் மதிப்பெண், நன்னடத்தை உடையவள், சமூக அக்கறை மிக்கவள், மன்றமே ஏற்றுக்கொண்ட மனுவுக்குத் தலைமை ஏற்றவள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

அப்பாவும் மகளும் கடிதத்தை வாங்க ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அர்ஜுனன் படித்துவிட்டுக் கண்கலங்கி, "ரொம்ப நன்றி சார்" என்றார். துளசி வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"சார், ஒன்னு சொல்லலாமா?"

"சொல்லு. எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். எல்லாம் நல்லா இருக்கு. ஆனா..." அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள். "என் தம்பி கணக்குல பெயில். வாரத்துல ரெண்டு நாள் பள்ளிக்கூடம் மட்டம். அவன்கிட்ட ஐ.சி. இருக்கு. அவன் நல்லவனான்னு யாரும் கேக்கல."

"துளசி" என்றார் அர்ஜுனன், அடக்குவதுபோல.

"நான் கெட்டிக்காரின்னு கொடுக்க வேணாம்பா. நான் மார்க்கு கொறைச்சலா வாங்கியிருந்தா அப்ப வேணாமா? நான் இங்கதானே பொறந்தேன். உங்க பொண்ணுதானே."

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் தத்தம் வேலையைப் பார்ப்பதுபோல் இருந்தார்கள். ஸ்ரீகரன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் கற்பித்த பாடத்தில் கடமைகளுக்கு ஓர் அத்தியாயம், உரிமைகளுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. கடமையை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் உரிமை என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் குரலில் எப்போதும் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும். கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் இருந்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றார் மெதுவாக. "ஆனா நேர்காணல்ல உட்கார்றவங்க இதையும் பார்ப்பாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டா உனக்கு நட்டமாயிரக் கூடாது. அதுவும் எனக்குப் பயமா இருக்கு."

துளசி யோசித்தாள். "அப்ப கீழ போடுங்க சார். மொதல்ல அது வேணாம்."

அப்படியே செய்தார்கள். மூவரும் கணினி முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் பத்தியில், துளசி பினாங்கில் பிறந்தவள், அர்ஜுனனின் மகள், இந்த ஊரைத் தவிர வேறு ஊரில் ஒரு நாளும் வாழாதவள் என்று எழுதினார்கள். மதிப்பெண்ணும் மனுவும் கடைசிப் பத்திக்குப் போயின. பிறந்த தேதியை அர்ஜுனன் சொல்ல, பிறந்த நேரத்தையும் போடலாமா என்று கேட்டார். அது தேவையில்லை என்று துளசி சிரித்தாள். ஸ்ரீகரன் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரைக்காகக் காமாரியாவின் மேசைக்கு எடுத்துப் போனார்.

நேர்காணல் நடந்தது. முக்கால் மணி நேரம் கேட்டார்களாம், அன்பாகத்தான் பேசினார்களாம். பதில் இன்னும் வரவில்லை. துளசி இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள். அடுத்த மனுவுக்காக, தன் அடுக்குமாடியின் லிஃப்ட் எந்தெந்த நாள் ஓடவில்லை என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.